வரைபடத்தில் இல்லாத குழாய்

ஈஸ்டர்சைலில் ஹிஸ்கேயின் மஞ்சள் பொக்லைனைத் தெரியாதவர் யாரும் இல்லை. இருபத்திரண்டு வயதில் முதன்முதலாக அவள் அதில் ஏறி உட்கார்ந்த அன்று பாதி ஊர் கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. அப்பா இடுப்பு பிடித்துப் படுக்கையோடு கிடந்தார். நீர் வாரியத்திடம் ஒப்புக்கொண்ட வேலை பாதியில் நின்றது. வீட்டில் வேறு பிள்ளை கிடையாது. ஹிஸ்கே யாரிடமும் கேட்கவில்லை. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"பொம்பளப் புள்ள வெட்டுற வாய்க்கால்ல தண்ணி நெளிஞ்சு நெளிஞ்சுதான் போகும்" என்று ஒருவர் சொல்ல, கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவள் ஒன்றரைக் கிலோமீட்டர் வெட்டினாள். பதினொரு நாள் கழித்து வாரியத்து ஆள் மட்டக்கருவியோடு வந்து அளந்தான். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கட்டைவிரல் அகலம்தான் பிசகு. அந்த ஆள் இரண்டாவது தடவையும் அளந்துவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு கிளம்பினான். அதற்குப் பிறகு கிண்டல் நின்றுவிட்டது. அல்லது அவள் காதுபட நின்றுவிட்டது.

நேராக வெட்டுவதற்கு அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. எதிர்த்திசையில் முன்னும் பின்னுமாக இரண்டு குறிகளைப் பிடித்துக்கொள்வாள். ஒரு மரமும் அதற்குப் பின்னால் ஒரு கூரையும், ஒரு கம்பமும் அதற்குப் பின்னால் ஒரு கோபுரமும். முன்குறி பின்குறியை மறைத்துக்கொண்டே இருந்தால் வண்டி நேராகப் போகிறது என்று அர்த்தம். எங்கே எந்தக் குறியைப் பிடித்தாள் என்பது அவளுக்கு மறக்கவே மறக்காது. கணவன் ஊபெலே பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். அவர் பிறந்தநாளை மறந்துவிடுவாள். "உன் மண்டைல மனுஷங்க பேரு நிக்காது. வாய்க்கால் மட்டும்தான் நிக்கும்" என்பார் ஊபெலே. அவள் மறுக்கமாட்டாள்.

அந்த வருஷங்களில் எல்லாருக்கும் இருந்த வேலை ஒன்றுதான், தண்ணீரை வெளியேற்றுவது. ஊருக்கு வடக்கே ரைட்மார் என்று ஒரு பள்ள நிலம். மே மாதம்வரை மாடுகள் முழங்கால் தண்ணீரில் நின்று மேயும். ஹிஸ்கே மூன்றே வருஷத்தில் அதை வற்றவைத்தாள். சின்ன ஓடைகளைத் தூர்த்தாள், பெரிய வடிகால்களை வெட்டினாள், குழாய்களைப் புதைத்தாள். அங்கே வருஷத்துக்கு ஒரு தடவை புல் அறுத்தவர்கள் மூன்று தடவை அறுத்தார்கள். அன்றைக்கு அதில் அவளுக்குப் பெருமையாக இருந்தது. அதை அவள் இன்றைக்கும் மறைப்பதில்லை. "நல்லா செஞ்சேன். செஞ்சது சரியாங்கிறது வேற கேள்வி" என்பாள்.

அந்தக் கேள்விக்கு மண்ணே பதில் சொன்னது. ரைட்மாரின் மண் கறுப்பு மக்குமண். ஈரம் இருக்கும்வரைதான் அது உப்பி நிற்கும். காய்ந்தால் கரைந்து காற்றோடு போய்விடும். பதினைந்து வருஷத்தில் நிலம் முழங்கை ஆழம் இறங்கிவிட்டது. புதைத்த குழாய்கள் தரைக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றன. டிராக்டர்கள் புதைந்தன. கறுப்புவால் மூக்கன் என்ற பறவை, வசந்தத்தில் விடாமல் கத்திக்கொண்டு வயல்மேல் சுற்றுமே, அது ஒரு ஜோடிகூட மிச்சமில்லை. விவசாயிகள் ஒவ்வொருவராக விற்றுவிட்டு வெளியேறினார்கள். ஒரு இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை நிலம் மொத்தத்தையும் வாங்கி, மறுபடியும் சதுப்பாக்கிக் காக்கப்போவதாக அறிவித்தது.

வேலைக்கு ஆள் தேடியபோது எல்லாரும் ஒரே பேரைத்தான் சொன்னார்கள். ஹிஸ்கேக்கு அப்போது முப்பத்தெட்டு வயது.

திட்டப் பொறியாளர் நகரத்திலிருந்து வந்தவர். வரைபடத்தை வண்டியின் முன்மூடியில் விரித்துக் காட்டினார். அவள் ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"கரை ஏன் இப்படிச் செங்குத்தா இருக்கு?"

"மண்ணோட பலத்தைக் கணக்குப் போட்டுத்தான் வரைஞ்சிருக்கோம். இந்தச் சரிவைத் தாங்கும்."

"மண்ணு தாங்கும். குஞ்சு எப்படி மேல ஏறும்?"

அவர் சிரித்தார். ஹிஸ்கே சிரிக்கவில்லை. பொக்லைனை உயிர்ப்பித்து, வரைபடத்தில் இருந்த அதே சரிவில் நாலு மீட்டர் வெட்டிக் காட்டினாள். பிறகு இறங்கி வந்து, "கீழ இறங்கி மேல ஏறிக் காட்டுங்க" என்றாள். அவர் ரப்பர் பூட்ஸோடு இறங்கினார். மூன்றாவது முயற்சியில் கையை ஊன்றி மேலே வந்தபோது முழங்காலெல்லாம் கறுப்புச் சேறு.

"குஞ்சுக்கு பூட்ஸ்கூடக் கிடையாது" என்றாள் ஹிஸ்கே.

வரைபடம் மாறியது. ஒரு மீட்டர் இறங்க இருபது மீட்டர் தூரம், தட்டையான வெண்ணெய்க்கத்தி மாதிரிச் சரிவு. தென்பகுதியில் ஒரு மேட்டைச் சுற்றி அகழி ஒன்று வெட்டி, அந்த மேட்டை நாணல் தீவாக விட்டாள். அவளே ஒரு காலத்தில் வெட்டிய பழைய வடிகால்தான் அந்த அகழிக்குப் பாதி. மூன்று இலையுதிர் காலம் வேலை நடந்தது. கடைசி நாளில் வடக்கு மதகைத் திறந்தார்கள். தண்ணீர் மெல்ல மெல்லப் பரவி, தன் பழைய இடங்களை ஒவ்வொன்றாகப் பிடித்ததை அவள் வண்டிக்குள்ளிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளியேத்தினதும் நான்தான், திருப்பிக் கூப்பிட்டதும் நான்தான்" என்று அன்று மாலை ஊபெலேயிடம் சொன்னாள். அவர் ரொட்டியில் பாலாடைக்கட்டியை வைத்துக்கொண்டே, "யாராலயும் உன்னைச் சோம்பேறின்னு சொல்ல முடியாது" என்றார்.

அடுத்த வசந்தத்தில் மூக்கன்கள் வந்தன. ஆள்காட்டிகள் வந்தன. நீர்நாயின் கழிவு மதகுக் கல்லில் கிடந்தது. ஆறாவது வருஷம் நாணல் தீவில் ஏழு ஜோடி கரண்டிவாயன்கள் கூடு கட்டின. பால் வெள்ளை உடம்பு, கறுத்த நீள அலகு, நுனியில் கரண்டி. தண்ணீரில் தலையை இடவலமாக வீசிக்கொண்டே நடந்து பொடிமீன்களை அள்ளும். ஏழு பதினைந்தாகி, பதினைந்து நாற்பத்தொன்றாகி, சுற்றுவட்டாரத்தில் இவ்வளவு பெரிய கூட்டம் வேறெங்கும் இல்லை என்ற நிலைமை வந்தது.

மார்ச் பாதியிலிருந்து ஜூலை பாதிவரை காப்பகத்தின் கதவு பூட்டியிருக்கும். காவலர் கோஸ்ஸே ஒருவருக்குத்தான் உள்ளே போக அனுமதி. ஆறரை அடி உயரம், குச்சி மாதிரி உடம்பு, எதைச் சொன்னாலும் எண்ணிக்கையோடு சொல்லும் மனிதர். அவர் தொலைநோக்கியால் கூடுகளை எண்ணுவார். ஹிஸ்கே தென்கரையில் காப்பிக் குடுவையோடு உட்கார்ந்து, தான் கட்டிய வீட்டில் குடியிருப்பவர்களைத் தெருவிலிருந்து பார்ப்பதுபோலப் பார்ப்பாள். ஒரு கூட்டைக்கூட அவள் பக்கத்தில் பார்த்ததில்லை. வேலைக்கு உள்ளே போகும் காலத்தில் பறவைகள் ஆப்பிரிக்காவில் இருக்கும்.

அவளுக்கு ஐம்பத்துமூன்று நடந்த வருஷம் வசந்தத்தில் மழையே இல்லை. மார்ச்சில் தொடங்கிய கிழக்குக் காற்று மே பிறந்தும் நிற்கவில்லை. வடக்கு மதகை முழுசாகத் திறந்துவைத்தும், தண்ணீர் பரந்த வெளியில் விரிந்து, வெடித்த மண்ணுக்குள் இறங்கி, தெற்கே வருவதற்கு முன்பே காணாமல் போனது. தீவைச் சுற்றிய அகழி முதலில் சேறாகி, பிறகு சேறும் இறுகியது.

ஒரு காலை கோஸ்ஸே அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஆறு கூடு போச்சு ஹிஸ்கே. நேத்து நாலு, இன்னிக்கு ரெண்டு. அகழில நரியோட கால்தடம். நடந்தே போயிருக்கு. நனையக்கூட இல்ல."

"மிச்சம் முப்பத்தஞ்சு."

"குஞ்சு இன்னும் பறக்காது. ஆறு வாரம் ஆகும். ஒரு நரி தினம் ரெண்டு கூடுன்னு எடுத்தா..." கோஸ்ஸே கணக்கை முடிக்கவில்லை. "அதுக்கு முன்னாடியே பெரிய பறவைங்க பயந்து மொத்தமா விட்டுட்டுப் போயிடும். ஒரு தடவை போனா திரும்ப வராது."

"வேலி?"

"வேலி போட உள்ள ஆள் போகணும், மிஷின் போகணும். நரி பண்றதை நாமளே பண்ணின மாதிரி ஆயிடும்."

ஹிஸ்கே காப்பியை மேஜையில் வைத்தாள். வடக்கிலிருந்து தண்ணீர் வராது. கிழக்கும் மேற்கும் வயல். தெற்கே கரை, கரைக்கு அந்தப் பக்கம் பெரிய வாய்க்கால். அதன் மட்டம் இந்தப் பக்கத்துத் தரையைவிட ஒன்றரை ஆள் உயரம். வறட்சியிலும் அதில் தண்ணீர் நிறைந்திருக்கும், படகுகள் போகும். அந்தக் கரைக்கு அடியில்...

"கோஸ்ஸே, உக்காரு" என்றாள். "தென்கரைக்கு அடியில ஒரு குழாய் இருக்கு."

எண்பத்தேழாம் வருஷம், கோடையில் மாடுகளுக்குக் குடிநீர் கொண்டுவர வேண்டுமென்று பெரிய வாய்க்காலிலிருந்து கரைக்கு அடியில் சிமெண்டுக் குழாய் பதிக்கச் சொன்னார்கள். ஹிஸ்கே பதித்தாள். பதித்த மாதமே திட்டம் மாறி, மதகை வடக்கில் கட்டுவதென்று முடிவாயிற்று. குழாயின் வெளிவாயில் இரும்புத் தகடு போட்டு முடுக்கினாள். உள்வாயைக் களிமண் மூட்டைகளால் அடைத்தாள். மேலே மண்ணைத் தள்ளிப் புல்லை விதைத்தாயிற்று. உள்வாய் திறப்பது அந்தப் பழைய வடிகாலில். அதாவது இன்றைய அகழியில்.

கோஸ்ஸே அன்றைக்கே நீர் வாரியத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். மறுநாள் அதிகாரி ஹெட்விக் கரைக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும், கையில் வரைபடச் சுருள், காலில் சேறு படாத பூட்ஸ். கடுமையானவள் இல்லை. ஆனால் கரை என்றால் அவளுக்கு விளையாட்டு இல்லை.

"எங்க வரைபடத்துல இங்க குழாயே கிடையாது."

"வரைபடத்துல இல்ல. கரைக்குள்ள இருக்கு" என்றாள் ஹிஸ்கே.

"முப்பது வருஷம் முன்னாடி நடந்ததை நினைவு வெச்சுக்கிட்டு ஒரு கரையைத் தோண்ட நான் எப்படி அனுமதி குடுப்பேன்? கரை மூணு கிலோமீட்டர் நீளம். தப்பான இடத்துல தோண்டினா இந்த வறட்சில காஞ்ச கரை விண்டுடும். அப்புறம் பறவை மட்டும் இல்ல, ஊரும் மிதக்கும்."

"நீங்க சொல்றது சரிதான்" என்றாள் ஹிஸ்கே. ஹெட்விக் இதை எதிர்பார்க்கவில்லை. "தோண்டாமலே காட்டினா?"

"எப்படி?"

"நாளைக்கு மத்தியானம் வாங்க. நீளமான இரும்புக் கம்பி ஒண்ணு கொண்டுவரேன். தண்ணிப் பக்கத்துல குத்திப் பார்ப்போம். கரையில ஒரு புல்லுகூட அசையாது. கம்பி குழாயில படலைன்னா நான் வீட்டுக்குப் போயிடறேன்."

ஹெட்விக் சம்மதித்தாள்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அந்தக் குழிக்கு ஹிஸ்கே பிடித்த குறிகள் இரண்டு. பின்குறி ஊர் தேவாலயக் கோபுரம். அது இருந்த இடத்தில் இருந்தது. முன்குறி வாய்க்காலுக்கு அக்கரையில் ஃபோல்கெர்ட் வீட்டுப் புகைபோக்கி. அந்தப் பழைய வீட்டை இடித்து இருபது வருஷமாகிறது.

ஃபோல்கெர்டுக்கும் காப்பகத்துக்கும் ஆகாது. குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான காட்டுவாத்துகள் அங்கே தங்கி, காலையில் அவர் புல்லில் வந்து இறங்கும். ஊர்க் கூட்டங்களில் அவர் எழுந்தாலே கோஸ்ஸே தலையைக் குனிந்துகொள்வார். ஹிஸ்கே பாலத்தைச் சுற்றி சைக்கிளில் போனாள். ஃபோல்கெர்ட் பால் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன, ராணியம்மா தேடி வந்திருக்கா?"

"உன் பழைய வீட்டுப் புகைபோக்கி எங்க இருந்துச்சு ஃபோல்கெர்ட்? சரியா, அடி பிசகாம."

அவர் தண்ணீரை நிறுத்தினார். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"ஆக, உன் பறவைங்க என் புல்லைத் தின்னாச்சு. இப்ப என் புகைபோக்கியும் வேணுமாக்கும்."

"புல்லைத் தின்றது வாத்து. இது கரண்டிவாயன். மீன்தான் தின்னும்."

"எனக்கு எல்லாம் எச்சம்தான்." குழாயை மறுபடி திறந்தார். பிறகு திரும்பாமலே கேட்டார்: "நரியா சொன்னே?"

"நரிதான். தினமும் வருது."

"போன வாரம் என் கோழில ஏழு. தலையை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கு, மரியாதையா வரிசையா வெச்சு." அவர் கையைத் துடைத்தார். "வா."

கன்றுகளின் தொழுவத்துக்குள் கூட்டிப்போய், ஒரு கன்றைத் தள்ளிவிட்டு வைக்கோலைக் காலால் விலக்கினார். தரையில் சிமெண்டுக்கு நடுவே கறுத்துப்போன செங்கல் சதுரம் ஒன்று. "அம்மாவோட அடுப்பு. புகைபோக்கி இதுக்கு நேர் மேல. இதைப் பேர்க்க மனசு வரல. அப்படியே சுத்திப் பூசிட்டேன்" என்றார். ஹிஸ்கே குனிந்து அந்தச் செங்கலைத் தொட்டாள். பிறகு தொழுவத்தின் கூரையை நிமிர்ந்து பார்த்தாள். ஃபோல்கெர்டும் பார்த்தார்.

"வேணாம். எனக்கு அறுபது ஆகுது" என்றார்.

"ஏணியை நான் பிடிக்கவா?"

"நீ அக்கரைல இல்ல நிக்கணும்? பிடிக்க என் பொண்டாட்டி இருக்கா. இத்தனை வருஷமா அவளுக்கும் ஆசைதான், என்னை மேல ஏத்தி ஏணியை எடுத்துடணும்னு."

மறுநாள் மத்தியானம் ஃபோல்கெர்ட் படுக்கை விரிப்பு ஒன்றை நீளக் கழியில் கட்டிக்கொண்டு தொழுவக் கூரையில் நின்றார். இக்கரையில் ஹிஸ்கே தொலைபேசியைக் காதில் வைத்தபடி கரைமேல் நடந்தாள். பின்னால் ஹெட்விக், அவளுக்குப் பின்னால் கோஸ்ஸே.

"அடுப்புக்கு நேர் மேலயா நிக்கற? இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போகணுமோ?"

"இதுக்கு மேல இடப்பக்கம் போனா சாணிக் குழிலதான் நிப்பேன்."

"அங்க விழுந்தாலும் சொல்லு. அந்த இடத்தையும் குறிச்சுக்கறேன்."

"ஹிஸ்கே, நான் நேராத்தான் நிக்கறேன். அம்மா அடுப்பு எனக்குத் தெரியாதா? நீ நட."

அவள் நடந்தாள். கூரையின் வெள்ளை விரிப்பு கோபுரத்தை மெல்ல நெருங்கியது. பக்கத்தில் வந்தது, தொட்டது. கோபுரம் விரிப்புக்குப் பின்னால் மறைந்தது. அவள் நின்று குதிகாலால் புல்லில் ஒரு கோடு கிழித்தாள்.

மூவரும் படகில் இறங்கினார்கள். கோஸ்ஸே துடுப்பால் படகை நிறுத்திப் பிடித்தார். ஹிஸ்கே நாலு மீட்டர் கம்பியைத் தண்ணீருக்குள் விட்டு அழுத்தினாள். சேறு. ஒரு சாண் தள்ளிக் குத்தினாள். சேறு. மூன்றாவதும் சேறு. ஹெட்விக் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள்.

ஹிஸ்கே கண்ணை மூடினாள். குழாயின் வாய் கரையிலிருந்து வெளியே எவ்வளவு நீண்டிருந்தது? படகு அடித்துவிடுமென்று அன்றைக்கு அப்பா கத்தினார். ஒரு துண்டைக் குறைத்துப் பதித்தாள். அப்படியானால் இன்னும் கரைப் பக்கம் போக வேண்டும்.

"ஒரு மீட்டர் உள்ள தள்ளு கோஸ்ஸே."

கம்பி இறங்கியது. சேற்றுக்கு அடியில் எதன் மீதோ முட்டி நின்றது. அதிர்ச்சி உள்ளங்கை வரை வந்தது. சற்று இடப்பக்கம் குத்தினாள், வழுக்கிக் கீழே போனது. வலப்பக்கம், அங்கேயும் வழுக்கியது. நடுவில் மறுபடி முட்டியது.

"இது குழாயோட முதுகு" என்று கம்பியை ஹெட்விக்கிடம் நீட்டினாள்.

ஹெட்விக் தானே குத்திப் பார்த்தாள். நடுவில், இடத்தில், வலத்தில். இன்னொரு தடவை நடுவில். கம்பியைப் பிடித்தபடியே ஹிஸ்கேயை நிமிர்ந்து பார்த்தாள். "முப்பது வருஷம்" என்றாள். தொலைபேசியை எடுத்தாள்.

மறுநாள் காலையிலேயே அனுமதி வந்தது, நிபந்தனைகளோடு. ஒரு வாளி அகலத்துக்கு மேல் தோண்டக் கூடாது. தகட்டை எடுக்கும் முன்பே அதற்கு வெளியே, தண்ணீரைத் திறந்து மூட ஒரு திருகு கதவு மாட்ட வேண்டும். ஹெட்விக் கூடவே நிற்பாள்.

முதலில் உள்வாய். அதற்குத் தீவின் ஓரம்வரை போக வேண்டும். கோஸ்ஸே இருபது நிமிஷம்தான் தருவேன் என்றார். இருவரும் நாணலுக்குள் குனிந்து, கடைசித் தூரம் முழங்காலில் நகர்ந்து போனார்கள். கூடுகள் இருந்த பக்கத்திலிருந்து குஞ்சுகளின் கீச்சுமூச்சுச் சத்தம் விடாமல் கேட்டது. ஹிஸ்கே அந்தப் பக்கம் திரும்பவில்லை. நேரம் இல்லை. இறுகிய சேற்றை மண்வெட்டியால் ஓசைப்படாமல் விலக்கி, குழாயின் வாயைக் கண்டுபிடித்தாள். மூட்டைச் சாக்கு மக்கிப்போயிருந்தது. களிமண் மட்டும் மூட்டையின் உருவத்திலேயே இருந்தது. ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தார்கள். பதினெட்டு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டார்கள்.

பிறகு வெளிவாய். ஹிஸ்கே பொக்லைனைக் கரைமேல் ஏற்றினாள். கை முழு நீளத்துக்கு நீண்டு, வாளி தண்ணீருக்குள் இறங்கியது. கரையின் பக்கவாட்டில் ஒரு வாளி அகலத்துக்கு மட்டும் மண் வந்தது, விளிம்பு கத்தியால் வெட்டிய மாதிரி. ஹெட்விக் குனிந்து அதை அளந்தாள், அளவுகோலை மடித்துப் பையில் வைத்தாள், பிறகு அளக்கவே இல்லை. வாரியத்து ஆட்கள் இரண்டு பேர் படகிலிருந்து கதவை மாட்டினார்கள். தகட்டின் திருகாணிகள் துருவேறி அசைய மறுத்தன. ஹிஸ்கே சங்கிலியைத் தகட்டில் மாட்டி, மறு நுனியை வாளியில் கோத்து, வண்டியின் கையை மயிரிழை மயிரிழையாகத் தூக்கினாள். சங்கிலி விறைத்து முனகியது. அடியில் எதுவோ விட்டுக்கொடுத்தது. தகடு மேலே வந்தது.

கதவைத் திருகினார்கள். வாய்க்காலின் பரப்பில் சின்னதாக ஒரு சுழி விழுந்தது.

முப்பது வருஷத்தில் கரை அமுங்கிக் குழாய் நடுவில் உடைந்திருக்கலாம். எலி வளை விழுந்திருக்கலாம். உள்பக்கத்தில் தொலைநோக்கியோடு நின்ற கோஸ்ஸேயின் குரல் தொலைபேசியில் வருவதற்கு நாலு நிமிஷம் ஆனது.

"வருது" என்றார். "கறுப்பா வருது. இருங்க. இப்ப பழுப்பு." கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும். "தெளிவாயிடுச்சு ஹிஸ்கே. ஓடுது."

ஹிஸ்கே வண்டியின் எஞ்சினை அணைத்தாள். அக்கரையில் ஃபோல்கெர்ட் வேலி ஓரமாக வந்து நின்றிருந்தார். அவள் ஒரு கையைத் தூக்கினாள். அவரும் தூக்கினார், ஏதோ ஈயை விரட்டியதுபோல.

அகழி முழங்கால் ஆழம் நிறைய மூன்று நாள் பிடித்தது. நாலாம் நாள் கோஸ்ஸே நரியின் புதுத் தடத்தைப் பார்த்தார். தண்ணீர் ஓரம்வரை வந்து, கொஞ்ச தூரம் நீளவாக்கில் நடந்து, வந்த வழியே திரும்பியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு கூடுகூடப் போகவில்லை. அகழியில் தண்ணீரோடு பொடிமீனும் வந்துவிட்டதால், பறவைகள் தூரம் போகாமல் தீவின் வாசலிலேயே மேய்ந்தன.

மே கடைசியில் ஹெட்விக் அவளை வாரிய அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள். மேஜை முழுக்க வரைபடம் விரித்திருந்தது. பக்கத்தில் ஒரு சிவப்புப் பென்சில்.

"வேற என்னெல்லாம் இதுல இல்ல?" என்று கேட்டாள்.

ஹிஸ்கே மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மூடிய மதகு, தூர்த்த ஓடை, புதைத்த தூம்பு என்று மாலைக்குள் பதினான்கு சிவப்புக் குறிகள் விழுந்தன. வாரிய ஆட்கள் அடுத்த வாரம் போய்க் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். பதினான்கும் இருந்தன. பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஆதாரம்' என்று ஒரு கட்டம் உண்டு. வழக்கமாக அதில் வரைபட எண்ணைத்தான் எழுதுவார்கள். பதினான்கு வரிகளில் மட்டும் 'ஹிஸ்கே, பொக்லைன் ஓட்டுநர், ஈஸ்டர்சைல்' என்று இருக்கிறது. ஊபெலே அதைப் படம் எடுத்துக் கொண்டுவரச் சொல்லிப் பேருந்தில் ஒட்டிவைத்தார். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அதனால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

குஞ்சுகளுக்கு வளையம் மாட்டும் நாளில் கோஸ்ஸே அவளையும் உள்ளே வரச் சொன்னார். அனுமதிச் சீட்டில் அவள் பெயரை முன்பே சேர்த்திருந்தார். "ஒரு கை கூடுதலா வேணும்" என்றார், வேறு காரணமே இல்லாததுபோல.

படகில் அகழியைக் கடந்து, கூடு கட்டும் காலத்தில் அவள் முதல்முறையாகத் தீவின்மேல் கால் வைத்தாள். நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. நாணலை மிதித்து அமுக்கிய மேடைகள், எச்சத்தால் வெளுத்துப்போனவை. அவற்றின்மேல் வெள்ளைப் பஞ்சுக் குஞ்சுகள், இன்னும் கரண்டியாக அகலாத கட்டை அலகுகளோடு. மொத்தம் அறுபத்தொன்று. அத்தனையும் அவளைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டிக் கத்தின.

"ரெண்டு இறக்கையையும் சேர்த்து அணைச்சுப் பிடிங்க. காலு இந்தப் பக்கம்" என்று கோஸ்ஸே ஒரு குஞ்சை அவள் கையில் கொடுத்தார்.

அது நினைத்ததைவிடச் சூடாக இருந்தது. பஞ்சுக்குள்ளே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. முப்பது டன் வண்டியை விரலால் நகர்த்தும் அவள் கைகள், எவ்வளவு அழுத்துவது என்று தெரியாமல் நின்றன. கோஸ்ஸே வளையத்தை மாட்டி எண்ணைப் படித்தார். குஞ்சு கழுத்தை நீட்டி அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு வயிற்றில் இருந்த மீன் அனைத்தையும் அவள் மேலங்கியின் நெஞ்சில் கக்கியது.

"பயந்தா அப்படித்தான் பண்ணும்" என்றார் கோஸ்ஸே.

"நல்லா சாப்பிட்டிருக்கு" என்றாள் ஹிஸ்கே. நெஞ்சில் ஒட்டியிருந்த மீன்களை எண்ணினாள். ஒன்பது. எல்லாம் முதுகில் முள் உள்ள பொடிமீன்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ரொட்டிக் கடைக்குள் போனாள். இளஞ்சிவப்புப் பாகு பூசிய கேக் எட்டுத் துண்டு கேட்டாள். வரிசையில் முன்னால் நின்றவர்கள் மெல்ல ஒதுங்கி வழிவிட்டார்கள். கடைக்காரி சேப்கே மூக்கைச் சுளித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஹிஸ்கே, என்ன எழவு இது? சாக்கடைல விழுந்தியா?"

ஹிஸ்கே மேலங்கியைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். வேண்டுமென்றால் படகிலேயே கழுவியிருக்கலாம்.

"கரண்டிவாயன் குஞ்சு. என் மேலதான் கக்குச்சு" என்றாள், கடை முழுக்கக் கேட்கும்படி.